தனியார் சாலையில் ஒரு நீர்நிலை

கண்ணாடி வெட்டுகிறவனுக்குக் கோபம் ஆகாது. கை நடுங்கினால் கோடு கோணும். கோடு கோணினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். முப்பது வருடமாக அந்தத் தொழிலைச் செய்ததில், கோபம் என்ற ஒன்று தன் உடம்பில் இருப்பதையே கண்ணாடிக்காரர் மறந்துவிட்டிருந்தார். அதைத் தேடியெடுத்துத் தூசி தட்டிக் கையில் கொடுத்த பெருமை நகராட்சியின் சாலைப் பிரிவையே சேரும்.

நாற்பத்தொரு வீடுகள் உள்ள தெருவின் நடுவில் அவர் வீடு. முன்னறையில் கம்பளி விரித்த நீள மேசை, மண்ணெண்ணெய் சீசா, சுவரெல்லாம் சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடிகள். பின்னறையில் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். முப்பத்தொரு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான்; அவளைவிட மூத்தவர்களுக்கும்.

அந்தத் தெருச் சாலை ஒரு காலத்தில் சாலையாக இருந்தது. கண்ணாடிக்காரர் மூன்று சக்கர வண்டியில் பத்துக் கண்ணாடி ஏற்றிப் புறப்பட்டால் மெயின் ரோட்டைத் தொடும்போது எட்டு இருக்கும். மீதி இரண்டும் விதி என்று விட்டுவிட்டிருந்தார்.

மழைக்காலக் காலை ஒன்றில் பால் வாங்கப் போன அக்கா, எது தரை எது தண்ணீர் என்று தெரியாத இடத்தில் கால் வைத்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுகொண்டது. உள்ளே வந்தால் அச்சு போய்விடும் என்றார் ஓட்டுநர். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முறிந்த இடுப்போடு படுத்திருந்த அக்காதான் அவர்களுக்கு வழி சொன்னாள். "இடது பக்கம் ஒதுங்குங்க, இங்க ஒண்ணு இருக்கு. நாலடி தள்ளி இன்னொண்ணு."

தகடு வைத்துத் தைத்தார்கள். "இப்போதைக்கு சக்கர நாற்காலி. நடக்கறதைப் பத்தி அப்புறம் பார்ப்போம்" என்றார் டாக்டர். அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். அவளும் முப்பத்தொரு வருடம் கவுண்டரில் அதைச் சொன்னவள்தான்.

மறுநாள் கண்ணாடிக்காரர் நகராட்சி அலுவலகம் போனார். கவுண்டர்க்காரர் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து விரலால் தேடினார்.

"சார், நீங்க சொல்ற இடத்துல ரோடே இல்லையே."

"நான் அதுலதாங்க வந்தேன்."

"வந்திருப்பீங்க. அது தனியார் ரோடு. வீடு கட்டி வித்தவர் போட்டது. எங்ககிட்ட ஒப்படைக்கவே இல்லை."

"வரி மட்டும் வாங்கறீங்களே."

"வரி வீட்டுக்கு. நீங்க ரோட்லயா குடியிருக்கீங்க?"

கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்துக் கவுண்டர்க்காரருக்கே இரக்கம் வந்துவிட்டது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து ஊதினார். தனியார் சாலைகளுக்கான பொதுநிதிப் பராமரிப்பு உதவித் திட்டம். தும்மல் அடங்கியதும், "அருமையான திட்டம் சார். பதினோரு வருஷமா இருக்கு. ஒருத்தர்கூட குறை சொன்னதில்லை" என்றார்.

"எத்தனை ரோட்டுக்குக் கொடுத்திருக்கீங்க?"

"இன்னும் யாருக்கும் கொடுக்கலை. அதான் குறையே இல்லை."

நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். சாலையின் சொந்தக்காரரும் போட வேண்டும்.

"அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சுங்களே."

கவுண்டர்க்காரர் யோசித்தார். "அப்போ தனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அவர்கிட்டேருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் தெரு கூடியது. சுவரெல்லாம் கண்ணாடி என்பதால் வந்த முப்பது பேர் நூறு பேராகத் தெரிந்தார்கள். அதில் எல்லோருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். தெரு அவரை வாய்தா என்று கூப்பிடும். படிவத்தை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். கோடி வீட்டு மெக்கானிக் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "எனக்கு வர்ற வண்டியில பாதி இந்த ரோடு அனுப்பி வைக்கறதுதாங்க. என் பொழப்புல நானே தாரைக் கொட்டிக்கணுமா?"

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மெக்கானிக், போன மாசம் உங்க அம்மா கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டாங்களே, ஏன்?"

மெக்கானிக் பேனாவை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒன்பது வருடமாகப் பேசாமல் இருந்தார்கள். அண்ணன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் தம்பி. அக்கா ஒரே வரியை நடுவில் பிரித்துக் கோடு போடச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து போட்டார்கள். தலை முட்டிக்கொண்டது. அப்போதும் பேசவில்லை.

வராதவர்களிடம் வீடு தேடிப் போய் வாங்கினார்கள்; அடுத்த வாரம் வாய்தாவும் போட்டார். செத்துப்போன சொந்தக்காரர்தான் பாக்கி. அக்கா கடிதம் சொல்லச் சொல்லக் கண்ணாடிக்காரர் எழுதினார். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும், தவறினால் சம்மதம் என்று கொள்ளப்படும். பதிவுத் தபாலில் அவருடைய பழைய விலாசத்துக்கே போனது. பெறுநர் காலமானார் என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. முப்பது நாள் கழித்து, பிரிக்காத அந்த உறையைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கவுண்டர்க்காரர் உறையை இரண்டு கையாலும் வாங்கி, கைதேர்ந்தவர் வேலையைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்தார். "யார் சார் இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்க அக்கா."

"அவங்க இருக்க வேண்டிய இடமே வேறங்க."

அடுத்த வாரம் சாலைப் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் அளவுக் கம்பி. சாலையில் நாற்பத்தொரு குழியிலும் கம்பியை ஓரமாகச் சாய்த்து விட்டு எடுத்தார்.

"கம்பியை நேரா நிறுத்தணுங்களே" என்றார் கண்ணாடிக்காரர். அளவு என்று வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"விதியில நிறுத்தணும்னு இல்லை. விடணும்னுதான் இருக்கு." பொறியாளர் புத்தகத்தில் குறித்துக்கொண்டே விளக்கினார். மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் அது தேய்மானம், இயற்கையானது. மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளம், அதற்குத்தான் நிதி. பன்னிரண்டுக்கு மேல் போய், ஏழு நாள் தண்ணீரும் வற்றாமல் நின்றால் அது சாலையே இல்லை, நீர்நிலை. அது வேறு துறை.

"அப்படிப் பார்த்தா உங்க ரோட்ல பள்ளமே கிடையாது. நாப்பது தேய்மானம், ஒரு நீர்நிலை. கொடுத்து வச்சவங்க சார் நீங்க."

அக்கா விழுந்த குழிதான் நீர்நிலை. கண்ணாடிக்காரர் தன் ஸ்கேலை எடுத்து வந்து அளந்தார். பதினாலரை அங்குலம்.

பத்து நாளில் நீர்நிலைத் துறை வந்து குழியைச் சுற்றி நான்கு கம்பம் நட்டுப் பலகை வைத்தது. பாதுகாக்கப்பட்ட நீர்நிலை, உள்ளே இறங்காதீர். சாலையில் மீதியிருந்த அகலத்திலும் பாதி கம்பத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு அக்காவின் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மேற்படி நீர்நிலையில் அனுமதியின்றி இறங்கி அதன் கரையைச் சேதப்படுத்தியது விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலத்திலிருந்தே தெரியவருவதால், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்க வேண்டும்.

வாக்குமூலம் என்றது கண்ணாடிக்காரரின் விண்ணப்பத்தை. என் அக்கா இந்தக் குழியில் விழுந்து என்று அதில் அவர்தான் எழுதியிருந்தார்.

அக்கா நோட்டீஸை இரண்டு முறை படித்தாள். "எண், தேதி, முத்திரை எல்லாம் சரியா இருக்கு. வேலை தெரிஞ்சவன்தான் எழுதியிருக்கான்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேரில் வந்து என்ற இடத்தில் காகிதம் நனைந்திருந்ததைக் கண்ணாடிக்காரர் அப்புறம்தான் பார்த்தார். அம்மா இறந்தபோதுகூட அழாதவள்.

அன்றைக்கு அவர் வெட்டிய மூன்று கண்ணாடியும் கோணிக்கொண்டு போயின.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை நடத்தியது. ஆணையரே வந்தார். மக்களுக்குக் கருத்துச் சொல்ல ஐந்து நிமிடம், அதற்கு முன்னால் ஆணையருக்கு ஐம்பது நிமிடம்.

"குழியைக் குழி என்று பார்ப்பது பாமரப் பார்வை" என்று ஆணையர் ஆரம்பித்தார். "நிர்வாகம் அதை வாய்ப்பாகப் பார்க்கிறது. நீர்நிலைகளைப் பெருக்க வேண்டும் என்ற இலக்கு பல ஆண்டுகளாக நமக்கு இருந்தது. ஒன்றைக்கூட நம்மால் பெருக்க முடியவில்லை. இன்று முடிந்திருக்கிறது என்றால், அதற்குச் சாலைப் பிரிவு கைவைக்காமல் இருந்ததுதான் ஒரே காரணம். வேலை செய்து கெடுப்பவர்கள் உண்டு. வேலை செய்யாமல் வளர்ப்பவர்களை நாம் பாராட்டுவதில்லை. இந்த மேடையில் நான் பாராட்டுகிறேன்."

பொறியாளர் எழுந்து கும்பிட்டார். மக்களின் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. மீதி இரண்டு நிமிடத்தில் கண்ணாடிக்காரர், "தேய்மானத்துக்காவது ஏதாவது செய்யக் கூடாதுங்களா?" என்று கேட்டார். செய்யலாம் என்றார் ஆணையர். ஆனால் சாலையைப் பொதுமக்கள் பயன்படுத்துகிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும். பொதுப் பயன் இல்லாத இடத்தில் பொதுப் பணம் போகாது.

அதற்கும் தெரு உட்கார்ந்தது. ஏழு நாள், முறை வைத்து, நாற்காலி போட்டுத் தெருவில் வந்துபோன ஒவ்வொரு வண்டியையும் எழுதினார்கள். வாய்தா காலையில், மெக்கானிக் பகலில், சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம். கணக்கைப் பார்த்தால், வெளியிலிருந்து வந்த வண்டிகளில் பத்துக்கு ஒன்பது நகராட்சியுடையவை. குப்பை லாரி, தண்ணீர் லாரி, ஜீப், ஆணையரின் கார். அலுவலகம் அந்தத் தெருவுக்கு நேர் பின்னால். வேறு வழியில் போனால் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். சாலையில் ஓட்டை போட்டதே அந்த லாரிகள்தான் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆணையரின் கையெழுத்தோடு பதில் வந்தது. நகராட்சி வாகனங்கள் பொதுமக்கள் ஆகா. எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேற்படி சாலை முழுவதும் அங்கே குடியிருக்கும் தனியாருக்கே சொந்தம் என்றும், அதற்கும் நகராட்சிக்கும் இன்றும் இனி என்றும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்றும் இதனால் உறுதி செய்யப்படுகிறது.

அக்கா அதை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

"முத்திரை இருக்கா?"

"இருக்கு."

"வட்ட முத்திரையா, நீள முத்திரையா?"

"வட்டம்."

நோட்டீஸ் வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அக்கா சிரித்தாள். "இதுக்குச் சட்டம் போடு. நல்ல கண்ணாடியாப் போடு. அப்படியே வாய்தாவை வரச் சொல்லு."

தனியார் சாலையைச் சொந்தக்காரர்கள் அடைக்கலாமா என்று நீதிபதியிடம் கேட்டாள். பதவியில் இருந்த காலம் முழுக்க எந்த வழக்கையும் ஒரே நாளில் முடித்திராத மனிதர் அப்போதே சொன்னார்: "தாராளமா."

இரும்புக் கதவை மெக்கானிக் செய்தார். அந்தச் சாலையில் முறிந்த அச்சுகளே கொல்லையில் போதுமான அளவு கிடந்தன. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரக் கூண்டு. கூண்டுக்கு முன்பக்கம் கண்ணாடிக்காரர் தடித்த கண்ணாடி போட்டு, பேசுவதற்கு அரைவட்டமாக ஒரு துளை வெட்டினார். துளையை எந்த உயரத்தில் வைப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். ஏழு மாதமாக நகராட்சிக் கவுண்டரில் குனிந்து குனிந்து வலித்த இடுப்பை நினைத்துக்கொண்டு, நிற்கிறவரின் வயிற்றுக்கு நேராக வெட்டினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. கோபத்தோடு கண்ணாடி வெட்டலாம் என்று அன்று கற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா சக்கர நாற்காலியில் கூண்டுக்குள் உட்கார்ந்தாள். குடியிருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஆம்புலன்சுக்கும் கதவு திறந்தது. நகராட்சி வண்டிகளுக்குப் படிவம் நீட்டப்பட்டது.

முதலில் வந்த லாரி ஓட்டுநர் துளையில் குனிந்து, "என்னம்மா இது?" என்றார்.

"தனியார் சாலையில் பொது வாகனங்கள் செல்ல அனுமதி கோரும் விண்ணப்பம். மூணு பிரதி. வண்டியோட சொந்தக்காரர் கையெழுத்து வேணும்."

"வண்டி நகராட்சியோடதும்மா. நகராட்சிக்குச் சொந்தக்காரர் யாரு?"

"பொதுமக்கள். அவங்ககிட்ட வாங்கிட்டு வாங்க. ஒருத்தர் விடாம."

அந்த வாரம் முழுக்க நகராட்சி ரயில்வே கேட்டில் நின்றது. ஊழியர்கள் பத்தரைக்கு வந்தார்கள். வருகை இயந்திரம் அத்தனை பேருக்கும் அரைநாள் விடுப்புப் போட்டது. கவுண்டர்க்காரர் கூண்டுக்கு வந்து கெஞ்சினார். அக்கா அவர் படிவத்தை வாங்கிப் பார்த்து, "பச்சை மையில எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். கறுப்பில் எழுதி வந்தார். "பெயரை முழுசா எழுதலை." எழுதி வந்தார். "இது பழைய படிவம். இன்னிக்குக் காலையில மாத்திட்டோம்." அவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இவங்க இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துட்டாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம், சிறந்த சாலைப் பராமரிப்புக்கான விருதுக்கு மேலிடத்துக் குழு ஒன்று நகராட்சியைப் பார்க்க வந்தது. சாலைப் பள்ளம் பற்றி ஒரு புகார்கூடப் பதிவாகாத ஊர் என்பது தகுதி. குழு பத்து மணிக்கு அலுவலகத்தில் இருக்கும். ஆணையரின் கார் ஒன்பதே முக்காலுக்குக் கதவுக்கு முன்னால் நின்றது. ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் பழுதாகி நின்றுவிட்டிருந்தது. பொறியாளர் ஓடிவந்து கதவைத் தட்டினார். யாரும் அசையாததால் ஆணையரே இறங்கி வந்து துளையில் குனிந்தார். உயரமான மனிதர். நன்றாகவே குனிய வேண்டியிருந்தது.

"அம்மா, நான் இந்த நகராட்சியோட ஆணையர்."

"அடையாள அட்டை இருக்கா?"

அட்டையை நீட்டினார். அக்கா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த ரோட்டுல போகணும்?"

"இந்த ரோட்லதான்மா."

"உங்க வரைபடத்துல இங்க ரோடே இல்லையே."

"அம்மா, அவசரம். கதவைத் திறங்க, எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்."

அக்கா சட்டம் போட்ட கடிதத்தை எடுத்துக் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். "இதைக் கொஞ்சம் படிங்க. சத்தமா."

ஆணையர் தன் கையெழுத்தைப் பார்த்தார். குனிந்த நிலையிலேயே, இன்றும் இனி என்றும் வரைக்கும் படித்தார்.

"அம்மா, இதை ரத்து பண்ணி உத்தரவு போடறேன். பொதுச் சாலைன்னு எழுதித் தர்றேன்."

"எழுதுங்க. எனக்கு வந்த நோட்டீசையும் வாபஸ்னு எழுதுங்க."

பொறியாளரின் முதுகை மேசையாக்கி ஆணையர் எழுதினார். அக்கா வாங்கிப் படித்து, தேதி போடச் சொல்லி, மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"கதவு?"

"உத்தரவு கிடைச்சுது. பரிசீலனைக்கு ஏழு வேலை நாள்" என்று சொல்லி அக்கா துளையின் உள்பக்கத்தில் ஓர் அட்டையை இறக்கினாள். தேநீர் இடைவேளை.

நடந்து போகிறவர்களுக்குத் தடை இல்லை. பக்கத்தில் சின்னத் திட்டிவாசல் இருந்தது. ஆணையர் நடந்தார். பொறியாளர் கோப்புகளைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். முந்தின இரவு நல்ல மழை. நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். இடது பக்கம் ஒதுங்குங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது தேய்மானத்தையும் ஆணையர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனார். மழையில் சாய்ந்து கிடந்த கம்பங்களுக்கு நடுவே ஒரு கால் வைத்தார். நீர்நிலை அவரைக் கிட்டத்தட்ட முழங்கால் வரை வாங்கிக்கொண்டது.

கண்ணாடிக்காரர் ஸ்கேலோடு தயாராக நின்றார். ஆணையர் காலை வெளியே எடுத்ததும் குனிந்து கால்சட்டையின் ஈரத்தை அளந்தார்.

"பதினஞ்சே காலுங்க. முக்கால் அங்குலம் வளர்ந்திருக்கு" என்றார். "நேரா நிறுத்தி அளந்தேன்."

சரக்கு ரயிலுக்கு முன்பே கேட்டைத் தாண்டி வந்திருந்த மேலிடத்துக் குழு, ஒரு பக்கம் நனைந்த ஆணையரைப் பார்த்து, எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டது. தானும் அந்த வழியைப் பார்க்க வேண்டும் என்றது. பார்த்தது. விருது வேறு ஊருக்குப் போனது.

ஒன்பதாவது நாள் தார் வண்டி வந்தது. நீர்நிலைத் துறை தன் கம்பங்களைச் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொண்டு போனது. பொதுநிதியில் சாலை போட்டு, வரைபடத்திலும் மையால் வரைந்தார்கள். மெக்கானிக் கதவைக் கழற்றினார்.

திறப்பு விழாவில் ஆணையர் பேசினார். "மக்கள் கேட்டுச் செய்வது நிர்வாகம் அல்ல. கேட்காமலே, நானே நேரில் நடந்து பார்த்து, அவர்களின் துயரத்தில் இறங்கி..." இறங்கி என்ற இடத்தில் கூட்டம் கைதட்டியது. ஏன் அவ்வளவு பலமாகத் தட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. பேசி முடித்து அக்காவின் நாற்காலிக்கு அருகில் வந்து மைக்கை நீட்டினார். "அம்மாவுக்கு இப்ப திருப்திதானே?"

"ரோடு நல்லா இருக்குங்க" என்றாள் அக்கா. "என் இடுப்புக்கு எந்தக் கவுண்டர்ல வரணும்?"

ஆணையர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் கோப்புகளைப் பார்த்தார்.

"அது நம்ம துறையில வராதும்மா" என்றார் ஆணையர். இந்த முறை மைக் நன்றாக வேலை செய்தது.

யாரும் கைதட்டவில்லை. கண்ணாடிக்காரர் நாற்காலியின் பிரேக்கை விட்டுத் திருப்பினார். விழா முடிந்து ஆணையரின் காரும், பின்னால் ஜீப்பும், அதற்குப் பின்னால் லாரிகளும் கிளம்பின. தெருவின் நட்டநடுவே சக்கர நாற்காலி போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஜனம். காருக்கு ஒதுங்க இடமில்லை. ஓட்டுநர் ஹாரனில் கை வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, பின்னாடி அவங்க வண்டி" என்றார் கண்ணாடிக்காரர்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"பொது ரோடுதானேடா. மெதுவாப் போ."